இடது மூலைக்காரர்

என்னைப் பெண் கேட்டு வந்த தரகர், மாப்பிள்ளை "தாலுக்காவில் லெஃப்ட் கார்னர்" என்று சொன்னார். என் அப்பா அதைத் தாலுக்கா ஆபீசில் ஏதோ ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டார். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் "மாப்ள தாலுக்கால கீறாரு" என்று சொல்லி முடித்த பிறகுதான் அது வாலிபால் டீம் என்று தெரியவந்தது. அதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது என்பதால் பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. "பந்தாட்டத்துல ஒரு மூலையில நிக்கறவருக்கா பொண்ணக் குடுக்கறேன்" என்று மட்டும் நைனா ஒரு தடவை சொன்னார். அதை அவர் பிறகு வாபஸ் வாங்கியதையும் இங்கே எழுத வேண்டும்.

இது அறுபதுகளின் கடைசியில். கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, வயல் வரப்பு வழியாகப் போனால் ஏரிக்கரை வரும். கரைக்கு உள்பக்கம், கோடையில் தண்ணீர் வற்றிய இடத்தில் வாலிபால் கிரவுண்டு. என் கணவர் அந்த டீமுக்கு கேப்டன். அப்போது எங்கள் பக்கத்தில் வாலிபால் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர். முன்வரிசைக்காரர் கடைசிவரை முன்வரிசைதான், பின்வரிசைக்காரர் கடைசிவரை பின்வரிசைதான். சர்வீஸ் போடுவது பின்வரிசையில் நிற்கும் மூன்று பேருடைய வேலை. முன்வரிசை இடது மூலை என் கணவருடையது. நடுவில் நிற்பவர் பந்தைத் தூக்கிக் கொடுப்பார். இவர் எகிறி, எதிர்ப் பக்கத்துத் தரையில் அடிப்பார். அவ்வளவுதான் இவருக்கு வேலை. அதை மிக நன்றாகச் செய்தார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஊரில் ஆட்களைக் குறிப்பிடுவதே அப்படித்தான். "பின்வரிசை வலது ஊட்ல இன்னைக்கு நாத்து நடறாங்க" என்பார்கள். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு கிரவுண்டைப் போய்ப் பார்த்தபோது புரிந்தது. மாலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எங்கள் டீம் எப்போதும் மேற்குப் பக்கத்தில் நின்றுதான் பழகும். வருடக்கணக்காக அதே இடத்தில் நின்று, குதித்து, காலைத் தேய்த்ததில் மேற்குப் பாதியில் ஒன்பது குழிகள் விழுந்திருந்தன. மழை பெய்தால் ஒன்பது குட்டைகள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மழைக்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போது, "தோ, அதான் என் குட்டை" என்று இடது மூலையைக் காட்டினார். மற்ற எட்டையும்விட அதுதான் ஆழம்.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், என் கணவரைவிட வயதில் சின்னவர். டீமைத் தானே கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு மாலை எல்லோரையும் உட்காரவைத்து ஒரு சேதி சொன்னார். ஆனிக் கடைசியில் திருவள்ளூரில் நடக்கும் டோர்னமெண்டில் இந்த வருடம் ஆறு பேர் ஆட்டம்தான். சர்வீஸ் நம் பக்கம் திரும்பி வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஆளுக்கு ஓர் இடம் நகர வேண்டும். முன்னால் இருப்பவர் பின்னால் போவார், பின்னால் இருப்பவர் முன்னால் வருவார். வலது பக்கப் பின்மூலைக்கு யார் வந்தாலும் அவர்தான் சர்வீஸ் போட வேண்டும்.

என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து, ஆறு நெல்லிக்காய்களைத் தரையில் வைத்து எனக்கு இதை விளக்கினார். ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"கோயில் சுத்தற மாதிரி சுத்தணும்" என்றேன்.

"அதேதான். எல்லாருக்கும் எல்லா எடமும் வரும். ஒருத்தருக்கும் ஒரு எடமும் இல்ல" என்றார். பிறகு ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கடித்தார். அது இடது மூலை நெல்லிக்காய் என்பதை நான் கவனித்தேன்.

ஒன்பதில் மூன்று பேர் குறைய வேண்டும். முழங்கால் வலி என்று ஒருவர் தானாகவே நின்றுகொண்டார். பின்வரிசையில் இருந்த இன்னொருவர், "நின்ன எடத்துல நிக்க உடாத ஆட்டம் ஒரு ஆட்டமாய்யா? தட்டாமாலை சுத்தறதுக்கு எனக்கு வயசில்ல" என்று சொல்லிவிட்டு மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாவது யார் என்று டிரில் மாஸ்டர் சொல்லவில்லை. "எல்லாரும் சர்வீஸ் போட்டுக் காட்டுங்க. யாருக்கு வரலியோ அவரு வெளிய" என்றார். அது நியாயம்தான். ஒரே ஒரு ஆளைத் தவிர மற்றவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவும் இல்லை.

அந்த ஒரு ஆள் என் கணவர். பன்னிரண்டு வருடமாகத் தாலுக்கா டீமில் இருந்தவர் மேட்சில் ஒரு தடவைகூட சர்வீஸ் போட்டதில்லை. முன்வரிசைக்காரருக்கு அதற்கு அவசியமே வந்ததில்லை. முதல் நாள் போட்ட பந்து வலையில் போய் விழுந்தது. அடுத்ததும் வலை. அதற்கடுத்தது தன் டீம் ஆளின் முதுகில். எல்லோரும் அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டிரில் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கேப்டன், ஆனிக் கடைசி வரைக்கும் டைம் இருக்குது" என்று மெதுவாகச் சொன்னாராம்.

இதையெல்லாம் அவர் என்னிடம் உடனே சொல்லவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை கேட்ட பிறகு, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என் கைக்கு, கீழ அடிக்கத்தான் தெரியும்மே. மேல அனுப்பத் தெரியல."

டீமில் இருந்த ஒரே பந்து எங்கள் வீட்டில்தான் இருந்தது. தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர். அதன் வாயைச் செருகி, ஷூவுக்குக் கட்டுவது போல லேஸ் போட்டுக் கட்ட வேண்டும். நான் கல்யாணமாகி வந்த ஒரு மாதத்திலேயே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. முடிச்சை உள்ளே தள்ளி, மேலே ஒன்றும் துருத்தாமல் நான் கட்டுவேன். துருத்தினால் அடிக்கிறவர் கை கிழியும். அன்று இரவு முடிச்சை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, "காலைல ஏரியில ஆளே இருக்க மாட்டாங்க" என்றேன். அவர் புரிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். ஊர்க்காரர்கள் பழகும் கிரவுண்டுக்குப் போகாமல், அதற்கும் தள்ளி, சீமைக்கருவேலம் அடர்ந்திருந்த பக்கம் போனோம். சாணிக்கூடைக்குள் பந்தை வைத்து மேலே கோணியைப் போட்டு மூடி எடுத்துப்போவேன். என் மாமியாருக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை.

"காலங்காத்தால ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?"

"சாணி பொறுக்க, அத்த."

"அவன் எதுக்கு?"

"கூடை கனம்."

"கல்யாணத்துக்கு முன்ன ஒரு சொம்புத் தண்ணி தூக்குனதில்ல எம்புள்ள. இப்ப சாணிக்கூடை தூக்கறான். நடக்கட்டும், நடக்கட்டும்."

இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே கிணற்றுக் கயிற்றைக் கட்டினோம். அவர் கையைத் தூக்கி, விரல் நுனிக்குக் கொஞ்சம் கீழே அளவு வைத்தார். அவர் இந்தப் பக்கம் நின்று அடிப்பார். நான் அந்தப் பக்கம் நின்று பந்தைப் பொறுக்கித் திருப்பி அனுப்புவேன். அவர் பந்தை உயரத் தூக்கிப் போட்டு, கையை ஓங்கி அடிப்பார். பந்து கயிற்றுக்குக் கீழே புகுந்து, நேராக என் காலுக்கு வரும். கயிற்றுக்கு மேலே போக வேண்டும் என்று மெதுவாக அடித்தால், பாதி தூரத்திலேயே விழும். தூக்கிப் போட்ட பந்தைப் பார்த்த உடனே அவர் உடம்பு எகிறப் பார்க்கும். அதை அவரால் தடுக்க முடியவில்லை. சில நாட்கள் இப்படியே போயின. அவருக்குக் கோபம் வந்ததே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நானோ விளையாடத் தெரியாதவள். பந்தை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையை மடக்கி, தொட்டில் ஆட்டுவது போலக் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டுவேன். அது மேலே போய், கயிற்றைத் தாண்டி, அவர் முன்னால் விழும். பந்தை அவரிடம் சேர்ப்பதற்காக ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் அதை சர்வீஸ் என்று நினைக்கவே இல்லை.

ஒரு நாள் அவர் பந்தை வாங்கிக்கொண்டு சும்மா நின்றார்.

"இன்னாங்க?"

"நீ இன்னொரு வாட்டி அடி."

பந்தைத் திருப்பிப் போட்டார். நான் அடித்தேன். கயிற்றைத் தாண்டிப் போனது.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் போனது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "இது சின்னப் பசங்க அடிக்கறதுங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். உண்மையில் அது அவருக்குச் சுலபமான விஷயம் இல்லை என்பதை இன்று நன்றாகவே உணர்கிறேன். எகிறி அடிப்பதற்குப் பேர் போனவர், ஊர் பார்க்க, பள்ளிக்கூடத்துப் பையன்கள் போலக் கீழ்க்கையில் தட்டுவது என்றால் சும்மா இல்லை. பிறகு பந்தை இடது கையில் வைத்தார். என்னைப் போலவே இடுப்பைக் கொஞ்சம் வளைத்தார். தட்டினார். பந்து எனக்கு மேலே, கருவேல மரத்துக்கும் மேலே போய் எங்கோ விழுந்தது. அதைத் தேடிப் பிடிக்க நாஷ்டா நேரமாகிவிட்டது. ஆனால் மேலே போனது.

அதற்குப் பிறகு பாக்கி இருந்தது அளவுதான். லேஸ் பக்கம் கையில் பட்டால் பந்து கோணிக்கொண்டு போகிறது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். "லேஸைக் கீழ வெச்சுக்கோங்க" என்று நான் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவர் குனிந்து, பந்தை உருட்டிப் பார்த்து, லேஸைக் கீழே வைத்துக்கொள்வார்.

மாலைப் பயிற்சிக்கு அதே பந்துதான் போகும். டீமில் பழவேற்காட்டிலிருந்து வரும் ஒரு தம்பி இருந்தான். ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். நல்ல உயரம், என் கணவரைவிட நன்றாக எகிறுவான். என்னை அண்ணி என்பான், வரும்போதெல்லாம் மடவை மீன் கொண்டுவருவான். எனக்கு அந்த மீனை ஆயத் தெரியாது என்று அவனுக்கு ஒரே கேலி. அவன்தான் பந்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, பந்து இன்னா மாட்டுத் தொழுவம் மாதிரி நாறுது? ராத்திரி மாட்டுக்குத் தலையாணி வெச்சியா?" என்று கேட்டானாம். இவர், "தோலே மாட்டுத் தோல்தாண்டா" என்று சமாளித்தாராம்.

ஆனால் ஏரியில் ஆளே இல்லை என்று நான் நினைத்தது தப்பு. வாத்து மேய்ப்பவர் ஒருவர் கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் வாத்துகளை விட்டிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பந்து விளையாடுகிறார்கள் என்ற சேதி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

"இன்னா கேப்டன், டெய்லி ஊட்டுக்காரம்மாகூட மேட்ச்சாமே? யாரு ஜெயிக்கறாங்க?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

"அவங்கதான்" என்று சொல்லிவிட்டு இவர் டீயைக் குடித்திருக்கிறார்.

இதை எனக்குச் சொன்னவன் பழவேற்காட்டுத் தம்பி. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. "அண்ணி, அண்ணா போட்டாலும் போடாட்டியும் நாங்க அவர உட மாட்டோம். நீங்க ஒன்னும் பேஜாராவாதீங்க" என்றான். அவன் நல்ல மனதோடு சொன்னான். அதில்தான் சிக்கல் இருந்தது.

டிரில் மாஸ்டர் ஊரில் இல்லாத நாட்களில் பக்கத்து ஊர் டீம்களோடு ஆறு பேர் ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். அப்போது இவர் இடது மூலையிலேயே நிற்பார். நகர வேண்டிய நேரம் வரும்போது, இவருக்குப் பின்னால் இருக்கும் தம்பி இவருடைய இடத்துக்கு வராமல், இவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். "அண்ணா, நீ இரு" என்பான். மற்றவர்களும் அதற்கேற்ப நகர்ந்துகொள்வார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. மூத்தவர் நிற்கும் இடத்தில் போய் நின்று, அவரைத் தள்ளிப் போகச் சொல்வதற்கு யாருக்கும் கால் வரவில்லை. அவருக்கும் சர்வீஸ் போட வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு நாள் டிரில் மாஸ்டர் பாதியில் வந்து இதைப் பார்த்துவிட்டார்.

"கேப்டன், நீங்க இன்னா மூலவரா? எல்லாரும் உங்களச் சுத்தி வராங்க."

என் கணவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் நின்னுட்டேன். அவங்க சுத்துனாங்க, நான் நின்னுட்டேன். நகர்ந்திருக்கலாம் இல்ல?" என்றார். கீழ்க்கை சர்வீஸ் இப்போது பத்துக்கு ஏழெட்டு சரியாக விழுந்துகொண்டிருந்தது. ஆனால் ஏரியில் என் முன்னால் போட்டதுதான். வேறு யார் பார்க்கவும் அவர் இன்னும் போடவில்லை. ஏழு பேரும் திருவள்ளூருக்கு வரட்டும், அங்கே சர்வீஸ் போடாதவரை வெளியே எடுத்துவிட்டு ஏழாவது ஆளை இறக்குகிறேன் என்று டிரில் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு அது கல்யாணமான முதல் வருடம். ஆடி பிறப்பதற்குள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது வழக்கம். நைனா அழைக்க வந்ததும் திருவள்ளூர் டோர்னமெண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தன. மற்ற நாட்கள் ஒன்றும் சரியில்லை என்று நைனா சொல்லி அனுப்பியிருந்தார். டீம் விடிவதற்குள் ரைஸ்மில் லாரியில் கிளம்பியது. நைனா வந்தது அதற்குப் பிறகுதான். லாரி ஏறுவதற்கு முன் என் கணவர் பந்தை வாங்க உள்ளே வந்தார். நான் லேஸைக் கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்துக் கொடுத்தேன்.

"ஒரு மாசம் பந்து யாரு எடுத்துப் போடுவா?" என்றார்.

"வாத்துக்காரரக் கேளுங்க" என்றேன்.

அவர் வாசலில் கொஞ்சம் நின்றார். வெளியே லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். போய்விட்டார்.

பள்ளிப்பட்டுக்குத் திருவள்ளூர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் விசில் சத்தமும் ஆட்கள் கத்தும் சத்தமும் கேட்டது. எனக்கு அது எந்தச் சத்தம் என்று தெரிந்தது. நைனாவுக்கும் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு ஆட்டம். பஸ்ஸு போயிடும்" என்றார். என் கணவருக்கு நாங்கள் வருவது தெரியாது.

கிரவுண்டைச் சுற்றி ஒரே ஆண்கள் கூட்டம். நைனா என்னை ஓரமாக, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த ஒரு புளியமரத்தடிக்கு அழைத்துப்போனார். நான் எங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி நின்றேன். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார், விழுந்துவிடுவேன் என்று. எங்கள் டீமுக்கு அப்போது முதல் செட் நடந்துகொண்டிருந்தது. சர்வீஸ் எங்கள் பக்கம் வந்தது. ஆறு பேரும் நகர்ந்தார்கள். பழவேற்காட்டுத் தம்பி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, என் கணவரைச் சுற்றிப் போனான். அம்பையர் விசில் அடித்தார். இடம் தப்பு, சர்வீஸ் போச்சு.

மறுபடி சர்வீஸ் வந்தது. மறுபடி அதே தப்பு. பயத்தில் அவர்களுக்குப் பழகினதுதான் வந்தது. டிரில் மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "கேப்டனுக்கு வேர் உட்டுப்போச்சுடா, பிடுங்கி வேற எடத்துல நடுங்கடா" என்று கத்தினான். முதல் செட் போனது.

"இன்னாம்மா இது? அடிக்காமலே தோக்கறாங்க" என்றார் நைனா.

செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் ஆறு பேரும் கூடி நின்றார்கள். அவர்கள் பேசியது எனக்கு அப்போது கேட்கவில்லை. பிறகு தம்பிதான் சொன்னான். என் கணவர் அவன் தோளைப் பிடித்து, "என் எடத்துல வந்து நில்லுடா" என்றாராம்.

"உன் எடத்துலயா, அண்ணா?"

"நீ வந்து நின்னாத்தான் எனக்கு வேற எடம். நீ வரலன்னா எனக்கு வெளியதான்."

இரண்டாவது செட் ஆரம்பித்தது. சர்வீஸ் எங்கள் பக்கம் வந்தபோது அவர் இடது மூலையை விட்டு நகர்ந்தார். தம்பி வந்து அங்கே நின்றான், ஈரத் தரையில் காலை வைப்பது போல. எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அங்கேயிருந்து முன்வரிசை நடு, பிறகு முன்வரிசை வலது என்று அவர் ஒவ்வோர் இடமாக வந்தார். எனக்கு நெல்லிக்காய்கள் ஞாபகம் வந்தன. அடுத்து வலது பக்கப் பின்மூலை. பந்து அவர் கைக்கு வந்தது.

ஷாட் அடிப்பவர் என்று எதிர் டீமுக்கு அவரைத் தெரியும். பலமான சர்வீஸ் வரும் என்று எல்லோரும் பின்னால் தள்ளி நின்றார்கள். அவர் பந்தை இடது கையில் வைத்தார். இடுப்பை வளைத்தார். கூட்டத்துக்குப் புரிந்தது. முதலில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி, கிரவுண்டு முழுக்கப் பரவியது. "யோவ், கோலி ஆடறியா?" என்று ஒரு குரல். அவர் நிறுத்தினார். குனிந்தார். பந்தை உருட்டிப் பார்த்து, லேஸைக் கீழே வைத்துக்கொண்டார்.

நான் டிரங்குப் பெட்டிமேல் நுனிக்காலில் நின்றேன். அவர் தட்டினார். பந்து நன்றாக உயரப் போனது. எதிர்ப்பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நீ எடுப்பாய் என்று இவரும் நீதான் எடுப்பாய் என்று அவரும். வலையை ஒட்டி, அவர்கள் விட்டுவைத்திருந்த காலி இடத்தில் அது விழுந்தது. அடுத்ததை எடுத்துவிட்டார்கள், ஆனால் சரியாக எடுக்கவில்லை. அதற்கடுத்ததை நன்றாகவே எடுத்தார்கள். அதற்குள் முன்வரிசை வலதில் தம்பி எகிறி ஒன்று அடித்திருந்தான். அந்தச் சத்தம் புளியமரம் வரைக்கும் கேட்டது.

"ஏம்மா," என்றார் நைனா மெதுவாக, "மாப்ள ஏன் பொம்பளைங்க மாதிரி அடிக்கறாரு?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன், நைனா."

நைனா என்னைப் பார்த்தார். பிறகு கிரவுண்டைப் பார்த்தார். "நல்லாத்தான் அடிக்கறாரு" என்றார். பஸ் போனதை நாங்கள் இருவருமே பேசவில்லை.

அந்த செட் எங்களுக்கு. மூன்றாவது செட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் அவர் போட்ட ஒரு சர்வீஸ் வெளியே விழுந்தது. மற்றவர்களும் தப்பு செய்தார்கள். நல்ல டீமிடம்தான் தோற்றோம். டிரில் மாஸ்டர் ஒவ்வொருவர் முதுகிலும் தட்டிக்கொண்டு வந்தார். என் கணவர் முதுகில் தட்டும்போது, "அடுத்த வருஷமும் நீங்கதான் கேப்டன். ஆனா மூலவர் இல்ல, உற்சவர்" என்றாராம்.

ஆட்டம் முடிந்து, தண்ணீர்ப் பானைக்கு வந்தபோதுதான் அவர் எங்களைப் பார்த்தார். கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். நைனா முன்னால் போனார்.

"மாப்ள, நீங்க ஒரு மூலையில நிக்கறவருன்னு சொல்லிப் பொண்ணு கேட்டாங்க. நீங்க இன்னாடான்னா எல்லா மூலையும் சுத்தி வரீங்க" என்றார். அது நைனாவின் வாபஸ். அதைச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கிறேன் என்று சொல்லி, விசாரிக்க ஆளே இல்லாத பக்கமாகப் போனார்.

என் கணவரின் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. என்னிடம் வந்து, "சாப்ட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"லேஸு கீழதான் இருந்துச்சு" என்றார்.

ஆவணி பிறந்து நான் திரும்பி வந்தபோது கவரைப்பேட்டையில் இறங்கும்வரைக்கும் மழை. அவர் சைக்கிளோடு காத்திருந்தார். டிரங்குப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏரிக்கரை வழியாகத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கிரவுண்டில் ஒன்பது குழிகளிலும் தண்ணீர் நின்றது. புது ஆட்டத்துக்குக் கோடுகள் வேறு அளவில் போட்டிருந்ததால் சில குழிகள் கோட்டுக்கு வெளியே போய்விட்டிருந்தன. இடது மூலைக் குழி கோட்டின் மேலேயே வந்திருந்தது. கால் மடங்கும் என்று அதை மண் போட்டு மூடச் சொல்லியிருக்கிறார் டிரில் மாஸ்டர். தம்பிதான் இரண்டு கூடை மண் கொட்டினானாம். மழையில் அது கொஞ்சம் அமுங்கி, அதிலும் தண்ணீர் நின்றது, ஆழமில்லாமல்.

அவர் நின்று பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "காலைல வரியா? தலைக்கு மேல போட்டு அடிக்கற சர்வீஸு ஒன்னு கத்துக்கணும்" என்றார்.

"உங்கம்மா சாணிக்கூடைய எடுத்து உள்ள வெச்சுட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"நைனா ஊட்டுக்கே லெட்டர் போட்டாங்க. எம்புள்ள இனிமே தூக்க மாட்டான்னு."

அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. பெட்டி சரிந்தது. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன், அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். "சரி, பந்தைக் கையிலயே எடுத்துக்கினு போலாம்" என்றார். "ஊருக்கேதான் தெரியுமே."